புள்ளி வெச்சவங்களே கோடும் போடணும்

மூணாவது வருஷ சர்வே கேம்ப்ல நாங்க ஒரு கண்மாய்க் கரையை உடைச்சோம். ஒரு இடத்துல இல்ல, பதினோரு இடத்துல. மண்வெட்டி பிடிக்கல, ஜேசிபி வரல. கருவேல மரத்தடியில உட்கார்ந்து, லேப்டாப்ல பாயிண்ட் ஃபைலை ஏத்தி, சர்ஃபேஸ் போட்டோம். கரை உடைஞ்சிருச்சு.

உடைஞ்சதை நாங்க கவனிக்கவே இல்லைங்கிறதுதான் பெரிய கூத்து. கவனிச்சது அந்த ஊர் நீர்பாய்ச்சி ஐயா. மடையைத் திறக்கிறது, அடைக்கிறது, எந்த வயலுக்கு எப்போ தண்ணி போகணும்னு முறை பார்க்கிறது எல்லாம் அவர் வேலை. கடைசி நாள் சாயங்காலம் மடைச்சுவர் மேல லேப்டாப்பை வெச்சு, 3டி வியூவைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டிருந்தோம். பின்னாடி வந்து நின்னார்.

"இது நம்ம கம்மாயா தம்பி?"

"ஆமாங்கய்யா."

கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தார். ஒவ்வொண்ணா விரல் வெச்சு எண்ணினார். "பதினோரு எடத்துல ஒடப்பாக் கெடக்கே. இதுல எப்பிடித் தண்ணி நிக்கும்?"

எல்லாரும் சிரிச்சோம். நானும்தான். "சாஃப்ட்வேர் அப்படித்தாங்கய்யா காட்டும்"னு சொன்னேன். சொன்ன எனக்கே அதுக்கு அர்த்தம் தெரியாது. அன்னைக்கு ராத்திரி ரிப்போர்ட் தயார் பண்ணும்போது 3டி படத்தை எடுத்துட்டு, மேல இருந்து பார்க்கிற மாதிரி காண்டூர் படம் மட்டும் வெச்சேன். காண்டூர் கோடுகளை ஸ்மூத் பண்ணி விட்டேன். பிரிண்ட் ரொம்ப அழகா வந்துச்சு. எங்க டீம் 412 பாயிண்ட் எடுத்திருந்தோம். மத்த டீம் எதுவும் முந்நூறைத் தாண்டல. எங்களுக்குத்தான் நல்ல மார்க்.

இதோட முடிஞ்சிருந்தா இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். கொஞ்ச நாள் முன்னாடி ஜூனியர் ஒருத்தன் ஃபோன் பண்ணினான். "அண்ணா, அந்தக் கண்மாய்க் கரையைப் பலப்படுத்த எவ்வளவு மண் வேணும்னு ஊர்க்காரங்க நம்ம டிபார்ட்மென்ட்ல கேட்டிருக்காங்க. உங்க கேம்ப் ஃபைல் இருக்காமே? அதை வெச்சே கணக்குப் போட்டுடலாம்ல?"

அந்த ஃபைலை அனுப்ப எனக்குக் கை வரல. ஏன் வரலைங்கிறதைத்தான் இங்க சொல்லப் போறேன். சிவில் இல்லாதவங்களும் படிங்க, கணக்கு பத்தாம் வகுப்பைத் தாண்டாது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். நிலத்தோட உருவம் புள்ளிகள்ல மட்டும் இல்ல, அந்தப் புள்ளிகளை எப்படிச் சேர்க்கிறோம்ங்கிறதுலயும் இருக்கு. எதை எதோட சேர்க்கணும்னு அந்த நிலத்துல நடந்தவங்களுக்குத்தான் தெரியும். ஆனா நம்ம கேம்ப்பும் லேப்பும் மார்க்கும் புள்ளியை மட்டும்தான் எண்ணுது.

முக்கோணம் உயரத்தைப் பார்க்காது

டோட்டல் ஸ்டேஷன் நமக்குக் கொடுக்கிறது புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் கிழக்கு, வடக்கு, உயரம்னு மூணு எண். ரெண்டு புள்ளிக்கு நடுவுல நிலம் எப்படி இருக்குனு கருவிக்குத் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் மென்பொருள் மூணு மூணு புள்ளியாச் சேர்த்து முக்கோணம் போடுது. ஒவ்வொரு முக்கோணமும் ஒரு தட்டையான ஓடு மாதிரி. ஓட்டுக்கு உள்ள சரிவு ஒரே சீரா இருக்குனு எடுத்துக்கும். இந்த ஓடுகள் எல்லாம் சேர்ந்த வலைக்குப் பேர்தான் டின். காண்டூர், குறுக்குவெட்டு, மண் கணக்கு எல்லாமே இந்த வலையில இருந்துதான் வருது.

எந்த மூணு புள்ளியைச் சேர்க்கணும்? அதுக்கு ஒரு விதி இருக்கு. ரஷ்யக் கணித அறிஞர் போரிஸ் டெலானே 1934-ல வெளியிட்ட கட்டுரையில இருந்து வந்தது. ஒரு முக்கோணத்தோட மூணு மூலை வழியா ஒரு வட்டம் போட்டா, அந்த வட்டத்துக்குள்ள வேற எந்தப் புள்ளியும் வரக் கூடாது. இப்படிச் சேர்த்தா ஒல்லியான, ஊசி மாதிரி முக்கோணங்கள் குறையும். மெக்கானிக்கல் நண்பர்கள் மெஷ் போடும்போதும், கேம் டிசைன் பண்றவங்க தரை வரையும்போதும் இதே விதி உள்ள வேலை செய்யலாம். நல்ல விதி. நான் குறை சொல்லல.

ஆனா ஒரு விஷயம். அந்த வட்டம் வரைபடத்துல போடுற வட்டம். கிழக்கு, வடக்கு மட்டும்தான் அதுக்குக் கணக்கு. உயரத்தை அது பார்க்கவே பார்க்காது. ஒரு புள்ளி கரை உச்சியில இருக்கா, கரை அடியில இருக்கா, அதுக்குக் கவலை இல்ல. பக்கத்துல இருக்கா, அது போதும்.

நம்ம வீட்டு வாசல் கோலத்தை நினைச்சுப் பாருங்க. அதே ஏழு புள்ளி ஏழு வரிசையில அம்மா ஒரு கோலம் போடுவாங்க, பக்கத்து வீட்டு அக்கா வேற கோலம் போடுவாங்க. புள்ளி ஒண்ணுதான். சேர்க்கிற விதத்துல கோலமே மாறிடும். கோலத்துல ரெண்டுமே சரி. நிலத்துல ஒண்ணுதான் சரி.

இருபதும் பதினாலும்

எங்க கண்மாய்க் கரையை எளிமையாக்கி ஒரு கணக்குப் பார்ப்போம். கரை உயரம் 3 மீட்டர். அடி அகலம் 14 மீட்டர். உச்சியை ஒரே கோடுனு வெச்சுக்குவோம். உச்சியில 20 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்தோம். போகும்போது உச்சியில நடந்து, திரும்பி வரும்போது ரெண்டு பக்க அடியிலயும் நடந்தோம். திரும்பி வரும்போது டேப் பிடிக்கல, குத்துமதிப்பா நின்னோம். அதனால சில இடங்கள்ல அடிப்புள்ளிகள் ரெண்டு உச்சிப்புள்ளிக்கு நட்ட நடுவுல, எதிரெதிரா விழுந்துருச்சு.

இப்போ ஒரு சாய்சதுரம் கிடைக்குது. நாலு மூலை. ரெண்டு உச்சிப்புள்ளி, ரெண்டு அடிப்புள்ளி. அதை ரெண்டு முக்கோணமாப் பிரிக்க ஒரு மூலைவிட்டம் போடணும். உச்சியில இருந்து உச்சிக்குப் போட்டா 20 மீட்டர். அடியில இருந்து அடிக்குப் போட்டா 14 மீட்டர். டெலானே விதிப்படி இங்க குட்டையான மூலைவிட்டம்தான் ஜெயிக்கும். 14 மீட்டர். மென்பொருள் இந்தப் பக்க அடியையும் அந்தப் பக்க அடியையும் கரைக்குக் குறுக்கால நேராச் சேர்த்துருச்சு. அந்தக் கோடு முழுக்கத் தரை மட்டம். 3 மீட்டர் கரை இருக்க வேண்டிய இடத்துல உயரம் பூஜ்யம்.

ஐயா எண்ணின பதினோரு ஒடப்பும் இதுதான்.

மண் கணக்கு இன்னும் மோசம். உண்மையில 20 மீட்டர் நீளக் கரையில இருக்கிற மண், 14 பெருக்கல் 3 வகுத்தல் 2, அதாவது 21 சதுர மீட்டர் குறுக்குவெட்டு, பெருக்கல் 20. மொத்தம் 420 கன மீட்டர். தப்பான முக்கோணத்தை வெச்சுக் கூட்டினா 280 கன மீட்டர்தான் வருது. மூணுல ஒரு பங்கு மண்ணைக் காணோம். ஒரு புள்ளி கூடத் தப்பா எடுக்கல. பிரிசம் சரியா நின்னுச்சு, பபிள் நடுவுல இருந்துச்சு, ரீடிங் மில்லிமீட்டர் சுத்தம். ஒவ்வொரு புள்ளியும் உண்மை, மொத்தப் படமும் பொய்.

பதினோரு இடத்துக்கும் தலா 140 கன மீட்டர்னு போட்டா 1,540 கன மீட்டர். மூணு யூனிட் லாரினா முந்நூறு கன அடி, ஏறக்குறைய 8.5 கன மீட்டர். அப்போ 180 லோடுக்கு மேல. ஜூனியர் தம்பி என் ஃபைலை வெச்சுக் கணக்குப் போட்டிருந்தா, இல்லாத ஒடப்பை அடைக்க 180 லோடு மண் கேட்டிருப்பான். ஊர்க்காரங்க அந்தக் காசுக்கு எங்க போவாங்க? சாஃப்ட்வேர்ல இருந்து வந்த கணக்குனா யாரும் திருப்பிக் கேட்கவும் மாட்டாங்க.

கரையில இப்படின்னா ஓடையில தலைகீழ். ஓடையோட ரெண்டு கரைப்புள்ளியும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். அடிப்புள்ளிகள் தள்ளித் தள்ளி இருக்கும். மென்பொருள் கரையையும் கரையையும் சேர்த்து ஓடைக்குக் குறுக்கால ஒரு தடுப்பைக் கட்டிடும். அப்புறம் அந்த சர்ஃபேஸ்ல தண்ணி ஓடவிட்டுப் பார்த்தா ஓடை முழுக்கக் குட்டை குட்டையாத் தேங்கும். கரையை உடைக்கும், ஓடையில அணை கட்டும். நீர்வளத்துறை செய்யிற வேலைக்கு நேர் எதிர்.

பிரேக்லைன் என்ன பண்ணும்?

தீர்வு புதுசு இல்ல. பிரேக்லைன். நிலத்தோட சரிவு சட்டுனு மாறுற இடத்துல, கரை உச்சி, கரை அடி, வாய்க்கால் விளிம்பு, ரோடு ஓரம் மாதிரி இடங்கள்ல, புள்ளிகளை வரிசையாச் சேர்த்து ஒரு கோடு போடுறோம். மென்பொருளுக்கு அது ஒரு கட்டளை. முக்கோணத்தோட பக்கம் இந்தக் கோட்டு மேலதான் வரணும், எந்த முக்கோணமும் இந்தக் கோட்டைத் தாண்டிப் போகக் கூடாது. நம்ம சாய்சதுரத்துல உச்சிக்கும் உச்சிக்கும் ஒரே ஒரு கோடு போட்டா போதும். 14 மீட்டர் தோத்துடும், 20 மீட்டர் ஜெயிக்கும், 420 கன மீட்டர் திரும்பி வந்துடும். புதுசா ஒரு புள்ளி கூடத் தேவையில்ல.

மதகுச் சுவர், தடுப்புச் சுவர் மாதிரி செங்குத்தா நிக்கிறதுக்கு வால் பிரேக்லைன்னு தனியா ஒண்ணு இருக்கு. ஏன் தனி? டின் வலையில ஒரே இடத்துக்கு ரெண்டு உயரம் இருக்க முடியாது. அதனால சுவரோட மேல்கோட்டையும் கீழ்கோட்டையும் மயிரிழை தள்ளி வெச்சுக்கிட்டு சமாளிக்கும். இதெல்லாம் சிவில் 3டி படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச மெனு. தேர்வுல கேட்டா 'பிரேக்லைன் வரையறு'னு ரெண்டு மார்க்குக்கு எழுதிடுவோம். நானும் எழுதியிருக்கேன். எழுதின அதே ஆள்தான் கண்மாயை உடைச்சேன்.

முன்னாடி முக்கோணம் போட்டவங்க

நம்ம மாநிலத்துக்கும் முக்கோணத்துக்கும் பழைய உறவு உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியே 1794-ல ஒரு சர்வே பள்ளியாத்தான் ஆரம்பிச்சது. 1802-ல வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் ஒரு அடிக்கோட்டை அளந்து, அதுல இருந்து முக்கோணம் முக்கோணமா நாட்டையே அளக்கக் கிளம்பினார். 1808-ல தஞ்சாவூர்ப் பெரிய கோவில் கோபுரத்து மேல தியோடலைட்டை ஏத்தும்போது கயிறு கைவிட்டு, கருவி சுவர்ல மோதிச் சேதமாச்சு. அரை டன் எடை. அவரே பல வாரம் உட்கார்ந்து அதைச் சரி பண்ணினார்.

ஏன் அவ்வளவு பாடுபட்டு கோபுரத்து மேல ஏத்தணும்? அந்த முக்கோணத்தோட ஒவ்வொரு பக்கமும் ஒரு ஆள் கண்ணால பார்த்த கோடா இருக்கணும். இங்க இருந்து அங்க தெரியணும். தெரியலைனா அந்தப் பக்கமே கிடையாது. லாம்டனோட முக்கோணமும் டின் முக்கோணமும் வேற வேற வேலைக்கு. அது நிலையங்களோட இடத்தைக் கண்டுபிடிக்க, இது தரையோட உருவத்தைக் காட்ட. ரெண்டையும் ஒண்ணாக் குழப்பல. ஆனா என் லேப்டாப்ல வந்த ஆயிரத்துச் சொச்சம் முக்கோணப் பக்கங்கள்ல ஒண்ணைக் கூட எங்க டீம்ல யாரும் கண்ணால பார்த்ததில்ல. மென்பொருளாச் சேர்த்தது. பிரேக்லைன்தான் அந்த வலையில 'இதை நான் பார்த்தேன்'னு ஒரு ஆள் பொறுப்பேத்துக்கிற கோடு.

எங்க டீம்ல கரை மேல நடந்தது வேற ஒருத்தன். நான் மூணு நாளும் கருவிக்குப் பின்னாடி குடைக்குக் கீழ. வெயில்ல பிரிசம் தூக்குறது கம்மியான வேலைனு ஒரு நினைப்பு நமக்கு. 'சாஃப்ட்வேர் தெரிஞ்சவன்' உட்காரலாம், தெரியாதவன் நடக்கணும். நடந்தவன் எந்த இடத்துல கரை வளையுது, எங்க மாட்டுத் தடம் இறங்குதுனு எல்லாம் பார்த்திருக்கான். அவன்கிட்ட நான் எதுவும் கேட்கல. அவன் எழுதின கோடு எல்லாமே 'ஜிஎல்', 'ஜிஎல்', 'ஜிஎல்'. 412 புள்ளியும் கிரவுண்ட் லெவல். எது உச்சி, எது அடினு பிரிக்கவே வழியில்ல.

'ட்ரோன் வந்தாச்சு ப்ரோ'

இதை எழுதுறேன்னு சொன்னதும் ரூம்மேட் கேட்ட கேள்வி இது. ட்ரோன் பறக்கவிட்டா லட்சக்கணக்குல புள்ளி வரும், அப்புறம் எதுக்குக் கோடு?

நியாயமான கேள்வி. புள்ளி நெருக்கமா இருந்தா பிரச்சினை குறையும்ங்கிறது உண்மை. எங்க கரை உச்சியிலயே 20-க்குப் பதிலா 10 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்திருந்தா, 10-க்கும் 14-க்கும் போட்டியில 10 ஜெயிச்சு, கரை தப்பிச்சிருக்கும். ஆனா அதே கண்மாயில இருந்து பிரியுற வாய்க்கால் ஒரு மீட்டர் அகலம்தான். அதை இப்படித் தப்பிக்க வைக்கணும்னா அரை மீட்டருக்கு ஒரு புள்ளி வேணும். நேரா ஓடுற வாய்க்காலுக்கு, கோடு போடத் தெரிஞ்சா பத்து மீட்டருக்கு ஒண்ணு போதும்.

ட்ரோன் படத்துல இருந்து வர்ற புள்ளிகள் கருவேலங்காட்டு மேலயும் புல்லு மேலயும் விழும். அதை வடிகட்டும்போது கரையோட கூர்மையான விளிம்பும் சேர்ந்து மழுங்கும். விமானத்துல இருந்து லேசர் ஸ்கேன் பண்ணி கோடிக்கணக்குல புள்ளி எடுக்கிற அமெரிக்க நில அளவை நிறுவனமே, தன்னோட லைடார் விதிமுறையில ஏரிக்கும் பெரிய ஆறுக்கும் பிரேக்லைன் போட்டே ஆகணும்னு கேட்குது. புள்ளி பத்தலைங்கிறது அவங்க பிரச்சினை இல்ல. தண்ணி விளிம்பு எதுனு புள்ளி சொல்லாது.

இன்னொரு கூட்டம் இருக்கு. என் வகுப்புலயே இருக்கு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இணையத்துல இருந்து எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை இறக்கி, கண்மாய்ப் பாசனத்தை மாடல் பண்றவங்க. 2000-ம் வருஷம் பிப்ரவரியில விண்வெளி ஓடத்துல இருந்து ரேடார் வெச்சு 11 நாள்ல எடுத்த தரவு அது. பெரிய சாதனை, சந்தேகமே இல்ல. ஆனா அதுல ஒரு கட்டம் ஏறக்குறைய 30 மீட்டர். எங்க கரையோட அடி அகலமே 14 மீட்டர். மொத்தக் கரையும் ஒரு கட்டத்துக்குள்ள கரைஞ்சு காணாமப் போயிடும். கரை இல்லாத கண்மாயில தண்ணி எவ்வளவு நிக்கும்னு கணக்குப் போட்டு, அதுக்கு நாலு கலர்ல மேப் போட்டு, வைவாவுல பாஸ் ஆகுறோம். தமிழ்நாட்டுல சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கு. அவ்வளவுமே நிக்கிறது ஒரு கரையை நம்பி. நம்ம ஊர் நிலத்துல அந்தக் கோடுதான் முக்கியம், அதைத்தான் நாம முதல்ல தொலைக்கிறோம்.

2022-ல வந்த தேசியப் புவிசார் கொள்கை, 2030-க்குள்ள சமவெளிக்கு 25 சென்டிமீட்டர் துல்லியத்துல உயர மாதிரி தயார் பண்ணணும்னு இலக்கு வெச்சிருக்கு. அந்த வேலைக்குப் போகப் போறது நம்ம ஆளுங்கதான். புள்ளி துல்லியமா இருந்தும் கரை எப்படி உடையும்னு தெரியாமப் போனா, பிழை 25 சென்டிமீட்டர்ல நிக்காது. மூணு மீட்டர்ல வந்து நிக்கும்.

கோடும் பொய் சொல்லும்

பிரேக்லைன் போட்டா எல்லாம் சரியாயிடும்னும் சொல்ல மாட்டேன். ஜூனியர் ஃபோன் பண்ணின ராத்திரி, பழைய ஃபைலைத் திறந்து ரூம்ல உட்கார்ந்தே கோடு போட்டுச் சரி பண்ணப் பார்த்தேன். முதல் தடவை உயரம் இல்லாத சாதாரண 2டி கோட்டைச் சேர்த்துட்டேன். அதோட உயரம் பூஜ்யம். கேம்ப்ல பெஞ்ச்மார்க்கை 100 மீட்டர்னு வெச்சிருந்தோம். விளைவு, கரைக்கு நடுவுல நூறு மீட்டர் ஆழத்துல ஒரு பள்ளத்தாக்கு. அது கண்ணுக்குத் தெரியுற தப்பு, சிரிச்சுட்டு அழிச்சிடலாம்.

ரெண்டாவது தப்புதான் ஆபத்து. எது உச்சி, எது அடினு கோடு இல்லாததால உயரத்தைப் பார்த்து ஊகிச்சுச் சேர்த்தேன். ஒரு இடத்துல ரெண்டு கோடு ஒண்ணை ஒண்ணு வெட்டிச்சு. அங்க எந்த உயரத்தை எடுக்கணும்னு செட்டிங்ஸ்ல தேர்வு இருக்கு. முதல் கோட்டோடதா, கடைசிக் கோட்டோடதா, ரெண்டோட சராசரியா. சராசரினு போட்டேன். எச்சரிக்கை மறைஞ்சிருச்சு. சர்ஃபேஸ் பளபளனு இருந்துச்சு. பதினோரு ஒடப்பும் போயிருச்சு. ஆனா அந்தச் சராசரி உயரத்துல உலகத்துல எந்த மண்ணும் இல்ல.

டெலானே போட்ட கோட்டையாவது புள்ளியைக் கூட்டினா மாத்தலாம். நான் போட்ட கோட்டை மென்பொருள் கேள்வியே கேட்காது, அப்படியே நம்பும். அதனாலதான் ரூம்ல உட்கார்ந்து ஊகிச்சுப் போடுற கோடு, கோடே இல்லாததை விட மோசம். விடியக் காலையில ஃபைலை மூடிட்டு ஜூனியருக்கு மெசேஜ் போட்டேன். "ஃபைல் தப்பு. ஞாயித்துக்கிழமை போய் எடுக்கலாம். பிரிசம் நான் பிடிக்கிறேன்."

கேட்கிறது நாலு

டிபார்ட்மென்ட்டுக்கும் அடுத்து கேம்ப் போற தம்பி தங்கச்சிகளுக்கும் நான் கேட்கிறது இவ்வளவுதான்.

ஒண்ணு, புள்ளி எண்ணிக்கைக்கு மார்க் கொடுக்கிறதை நிறுத்துங்க. 150 புள்ளியும் நல்ல ஃபீல்டு ஸ்கெட்ச்சும் இருக்கிற டீமுக்கு, 412 புள்ளி எடுத்த எங்களை விட அதிக மார்க் வரணும்.

ரெண்டு, எல்லாப் புள்ளிக்கும் 'ஜிஎல்'னு எழுதுறதை விடுங்க. கரை உச்சி, உள்பக்க அடி, வெளிப்பக்க அடி, வாய்க்கால் விளிம்புனு தனித்தனிக் கோடு வெச்சுக்கங்க. கருவியில ரெண்டு எழுத்து தட்ட ரெண்டு வினாடி ஆகும்.

மூணு, கேம்ப்புல ஆளை மாத்துங்க. சர்ஃபேஸ் போடப் போறவங்க ஒரு நாளாவது பிரிசம் பிடிச்சு நடக்கட்டும். பிரிசம் பிடிச்சவங்க சர்ஃபேஸ் போடும்போது பக்கத்துல உட்காரட்டும்.

நாலு, லேப்ல ஒரே ஒரு பயிற்சி சேருங்க. அதே புள்ளிகளை வெச்சு, கோடு இல்லாம ஒரு சர்ஃபேஸ், கோட்டோட ஒரு சர்ஃபேஸ். ரெண்டோட மண் அளவையும் கழிச்சு, அதை லோடு கணக்குல எழுதச் சொல்லுங்க. 140 கன மீட்டர்னா மனசுல பதியாது. பதினாறு லாரினா பதியும்.

அந்த ஞாயித்துக்கிழமை

போனோம். நாலு பேர். நான் பிரிசம் பிடிச்சேன், ஜூனியர் கருவியில. காலை ஏழு மணிக்கு ஆரம்பிச்சு உச்சியில நடந்தேன். ஒரு கிலோமீட்டர் கூட இல்லாத கரை, அதுல இத்தனை விஷயம் இருக்கும்னு குடைக்குக் கீழ இருந்தப்போ தெரியல.

கலுங்குக்குக் கொஞ்சம் முன்னாடி நீர்பாய்ச்சி ஐயா வந்தார். என்னை அடையாளம் தெரிஞ்சிருச்சு. "என்ன தம்பி, ஒடப்பை அடைக்க வந்தீங்களா?"

"அந்த ஒடப்பு எதுவும் நிஜம் இல்லைங்கய்யா. நாங்க தப்பாப் போட்டுட்டோம்."

"எனக்குத் தெரியாதாக்கும். பதினஞ்சு வயசுல இருந்து இந்தக் கரையில நடக்கேன்." கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போய், காலால மண்ணைத் தட்டிக் காட்டினார். "நீங்க பாக்க வேண்டியது இது."

கரை அங்க ஒரு எட்டு மீட்டர் நீளத்துக்கு உள்வாங்கியிருந்துச்சு. தூரத்துல இருந்து பார்த்தாத் தெரியாது. நின்னு பார்த்தா முழங்கால் அளவு பள்ளம். ஒவ்வொரு மழைக்கும் தண்ணி முதல்ல அங்கதான் கசியுமாம். எங்க பழைய ஃபைல்ல அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி. நடுவுல கரை நேரா, திடமா, அழகா இருந்துச்சு. 412 புள்ளி எடுத்து, இல்லாத பதினோரு ஒடப்பைக் காட்டிட்டு, இருந்த ஒண்ணை விட்டிருந்தோம்.

அந்த எட்டு மீட்டருக்கு மட்டும் ஒரு மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்தோம். உச்சிக்கோடு, அடிக்கோடு எல்லாத்தையும் அங்கேயே கரை மேல உட்கார்ந்து ஐயாகிட்டக் காட்டிக் காட்டிச் சேர்த்தோம். மொத்தம் 168 புள்ளி. புது ஃபைல் இப்போ ஜூனியர்கிட்ட இருக்கு, பழசை அழிக்கச் சொல்லிட்டேன். சார்கிட்டயும் நடந்ததைச் சொன்னேன். மார்க்கைத் திருத்தச் சொல்லிக் கேட்டியானு மட்டும் கேட்காதீங்க, அவ்வளவு நல்லவன் இல்ல நான்.

அடுத்த மாசம் மூணாவது வருஷம் கேம்ப் போறீங்க. குடைக்குக் கீழ இடம் பிடிக்கச் சண்டை போடாதீங்க. தொப்பி எடுத்துக்கங்க, பிரிசத்தைத் தூக்கிட்டு நடங்க, வழியில யாராவது பெரியவர் நின்னா முதல்ல அவர்கிட்டக் கேளுங்க.